குளிருக்குத் தேய்த்துக்கொண்டது

ஜனவரி 3

பில்லிக்கொரை எஸ்டேட், கெஸ்ட் ஹவுஸ். கெஸ்ட் ஹவுஸ் என்பது பெயருக்குத்தான். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அந்த இடத்தில் அட்டையை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அட்டை வழியாகக் குளிர் வரவே வராது என்று மேனேஜர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் குளிர் உள்ளே வந்துவிட்டது.

நான் எதற்கு இங்கே வந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது. புலிக்கு மயக்க ஊசி போட வந்திருக்கிறேன். நான், கனகவல்லி, சாத்தூர்க்காரி, வெயிலைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் வளர்ந்தவள், மாட்டுக்குச் சினை ஊசி போட்டே காலத்தை ஓட்டியவள். வனத்துறை டாக்டருக்கு மஞ்சள் காமாலையாம். எப்போதோ மயக்க ஊசித் துப்பாக்கிப் பயிற்சி என்று ஒன்றுக்குப் போனேன், மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள். அந்தச் சான்றிதழ் யார் கண்ணிலோ பட்டுத் தொலைத்துவிட்டது.

"நீங்கதான் டாக்டர், வேற ஆளே இல்ல" என்றார் மாவட்ட வன அதிகாரி, டி.எஃப்.ஓ.

மாடு மேய்க்கப் போன பெரியவர் ஒருவரைப் புலி அடித்துவிட்டது. உடம்பை என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பல் பதிந்த இடத்தைப் பார்த்துப் புலியின் வயசைச் சொல்லவேண்டுமாம். பார்த்தேன். வயதான புலி, மேல் கோரைப்பல் ஒன்று உடைந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

கூண்டு வைத்துப் பார்த்துவிட்டார்கள், அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேற்று சோலையோரம் ஒரு மாட்டை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மிச்சத்தைத் தின்ன வரும். பக்கத்து மரத்தில் பரண் கட்டியிருக்கிறார்கள். விடியலிலும் அந்தியிலும் நான் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது இன்னொரு ஆளைத் தூக்குவதற்குள் ஊசி போட்டாக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பயமா இருக்கா டாக்டர்?" என்று டி.எஃப்.ஓ. கேட்டார்.

"பயமெல்லாம் இல்ல சார். குளிர்தான்" என்றேன்.

ஜனவரி 4

பனி என்றால் புகை மாதிரி மிதக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே தேயிலைச் செடி மேல் உப்பைத் தூவியது போல வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

பனியன், அதன் மேல் என் ஸ்வெட்டர், அதன் மேல் என் வீட்டுக்காரர் ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜெர்கின், தலையில் குரங்குக் குல்லா, காலில் இரண்டு ஜோடி சாக்ஸ், நடுவில் பழைய தினசரித்தாள். இந்தக் கோலத்தில் ஏணியில் ஏற முடியவில்லை. போஜன் கீழே இருந்து அரிசி மூட்டையைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டார்.

போஜன் வனக்காப்பாளர். இந்த மலைக்காரர், படகர். கையில் நிஜத் துப்பாக்கி வைத்திருக்கிறார். எனக்குக் காவல் அவர்தான்.

"புலி மரம் ஏறுமா?" என்று கேட்டேன்.

"பெருசெல்லாம் ஏறாது மேடம்."

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலேயே, "ஏறாதுன்னுதான் சொல்றாங்க" என்றார். நல்ல காவல்.

பரண் என்பது நாலு மூங்கிலும் ஒரு பழைய கதவும். அசையக் கூடாது, பேசக் கூடாது. ஜெர்கின் நைலான் துணி, கையை மடக்கினாலே சரசரக்கிறது. ஃபிளாஸ்கில் டீ இருக்கிறது, குடித்தால் இறங்கவேண்டி வரும், இறங்க முடியாது. வயிற்றில் கட்டியிருந்த வெந்நீர்ப்பை வெயில் வருமுன்னே ஆறிப்போய், தவளையை மடியில் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஊசித் துப்பாக்கியின் காஸ் குப்பியும் குளிரக் கூடாது, குளிர்ந்தால் வேகம் குறைந்து ஊசி பாதி வழியில் விழுந்துவிடும். அதனால் என் சூட்டில் பாதியை அதற்குக் கொடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர்.

புலி வரவில்லை. இறங்கும்போது லீவு விட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனசு துள்ளியது. வேலை பார்த்த திருப்தி என்று நினைக்கிறேன்.

ஜனவரி 5

தும்மல். மூக்கு குழாயாக ஒழுகுகிறது.

எனக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்து, சமைத்தும் போடுவது பவளக்கொடி. கெஸ்ட் ஹவுஸுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். புருஷன் சன்னாசி ஃபாக்டரியில் இலை வாட்டுகிறார். இவள் கொழுந்து எடுக்கப் போகுமுன் இங்கே வந்து வேலையை முடித்துவிடுகிறாள். என் வயசுதான் இருக்கும். வாய் மட்டும் என்னைவிடப் பத்து மடங்கு.

"ஏங்க டாக்டரம்மா, நீங்க புலியப் புடிக்க வந்தீங்களா, சளியப் புடிக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தான். மொதல்ல வந்தது சளி" என்றேன்.

இடுப்பில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். தைலம். கடையில் கிடைப்பது பாதி தண்ணீராம், இது கற்பூர மரம் என்று இங்கே சொல்கிற யூகலிப்டஸின் இலையைக் காய்ச்சுகிற இடத்திலேயே சன்னாசி வாங்கி வந்ததாம். "நெஞ்சுல, கழுத்துல, உள்ளங்கையில நல்லா சூடு பறக்கத் தேச்சிக்கிட்டு ஏறுங்க. ஒரு குளிரும் அண்டாது."

"நீ இப்படி விடியாம வந்து போறியே, உனக்கு பயமா இல்லையா?"

"பயந்துகிட்டு உள்ள இருந்தா யாருங்க பேரு போடுவா?" என்றாள். பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். "தகரத்த தட்டிகிட்டுக் கும்பலாத்தான் போறோம். மரத்து மேல ஒத்தையா கெடக்குறது நீங்கதான். ஒங்கள நெனச்சாத்தான் எனக்குப் பகீருங்குது."

ஒத்தையாக இல்லை, போஜன் இருக்கிறார் என்றேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பைப் போஜன் கேட்டிருக்கக் கூடாது.

ஜனவரி 6

தைலம் வேலை செய்கிறது. கை முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. நெஞ்சில் அடுப்பை மூட்டிய மாதிரி இருந்தது. போஜன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் சோலைக்குள் மந்தி ஒன்று கத்தியது. போஜனின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. நான் பார்த்தேன்.

முதலில் எதுவுமே தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே ஒரு இடம் நகர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அது முகமாயிற்று. இவ்வளவு பெரிய தலை எந்த மிருகத்துக்கும் இருக்கக் கூடாது. சத்தமே இல்லாமல் வந்தது. பனி மேல் நான் நடந்தால் அப்பளம் நொறுங்குகிறது, அது நடந்தால் ஒன்றுமில்லை. செத்த மாட்டுக்குக் கிட்டத்தில் வந்து நின்று, தலையைத் தூக்கி, மூக்கைச் சுருக்கி, உதட்டை மேலே இழுத்தது. உடைந்த பல் தெரிந்தது. மேலே பார்த்தது. என்னைத்தான் பார்த்தது.

திரும்பிப் போய்விட்டது.

துப்பாக்கியை எடுக்க அவகாசமே கொடுக்கவில்லை.

இறங்கியதும் போஜன் சொன்னார்: "ரொம்ப நேரம் நின்னுச்சு மேடம்."

"எங்க நின்னுச்சு? வந்துச்சு, போச்சு."

அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "வாசத்துக்குத் திரும்பிருச்சு போல" என்றார். "தைல வாசம். காத்து நம்ம பக்கம் இருந்து அங்க அடிக்குது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புலிக்குக் கண்ணும் காதும்தான் கூர்மை, மூக்கு அவ்வளவு கிடையாது என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். இந்த மலை பூராவும் கற்பூர மரம், அந்த வாசம் அதற்கென்ன புதுசா என்றும் கேட்டேன்.

"மரத்து வாசம் வேற மேடம். இந்த மாசத்துல இங்க ஆளுன்னாலே தைலந்தான். மேல ஆளு இருக்குன்னு தெரிஞ்சா அது இரைக்கிட்ட வராது" என்றார். அப்புறம், "எனக்கென்ன தெரியும்" என்று அவரே முடித்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

ஜனவரி 7

தும்மல் நின்றுவிட்டது. இருந்தாலும் முன்ஜாக்கிரதையாகத் தைலம் தேய்த்துக்கொண்டேன். புலி வரவில்லை.

ஜனவரி 8

டி.எஃப்.ஓ. வந்தார். சோலையோரம் மரத்தில் கட்டிவைத்திருந்த கேமராவில் பதிந்த படங்களைக் காட்டினார். நேற்று அந்தியில் புலி சோலை ஓரம் வரைக்கும் வந்திருக்கிறது. நின்று, தலையைத் தூக்கி, திரும்பியிருக்கிறது. பரணில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அந்த மாட்டை அது கைவிட்டுவிட்டது. எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் வேறொரு மாட்டை அடித்திருக்கிறது. அங்கே புதுப் பரண்.

"அடிச்சதத் தின்ன முடியாமத் திரும்பித் திரும்பிப் போகுது" என்றார். "பட்டினியா இருக்கு டாக்டர். பட்டினி கெடக்குற புலி எங்க வேணா வரும். ஏன் திரும்புதுன்னு உங்களுக்கு எதாச்சும் தோணுதா?"

மேலே கட்டிய மூங்கில் புதுசு, அதனால் இருக்கலாம் என்றேன். போஜனைக் கேட்டார். "இருக்கலாம் சார்" என்றார் போஜன்.

அம்மா போன் பண்ணினாள். "அங்க ரொம்பக் குளுருதாமே. உடம்பப் பாத்துக்கம்மா. நீ எதுக்கு மரத்துல ஏறணும், கீழ நின்னு ஊசி போட முடியாதா?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். கண்ணை மூடினால் அந்த முகம் மேலே பார்க்கிறது. அந்தப் பெரியவரின் கழுத்தில் இருந்த நாலு ஓட்டைகளில் ஒன்று மட்டும் ஆழமில்லாமல் இருந்ததே, அது நினைவுக்கு வந்து விரல் தன்னால் என் கழுத்துக்குப் போகிறது. ஏணியில் ஏறும்போதெல்லாம் முருகா, இன்றைக்கு அது வராமல் இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு ஏறுகிறேன். புலி பிடிக்க வந்தவள் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது?

பாட்டில் காலி. பவளக்கொடியிடம் கேட்டேன், இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தாள். கம்பளி மேல் கொஞ்சம் கொட்டிவிட்டது. கைதவறித்தான்.

ஜனவரி 9

புது மரம். கீழே புது மாடு. கம்பளி, ஸ்வெட்டர், குல்லா எல்லாம் தைலத்தில் ஊறிக் கண் எரிகிறது. சளியே இல்லாத எனக்குக் கண்ணீர் மட்டும் வழிகிறது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று போஜன் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் புதருக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. கரகரவென்று, பெரிய சத்தம். அங்கேயே நின்றது. பரண் மூங்கிலை நான் பிடித்திருந்த பிடியில் நகம் உடைந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அப்புறம் செடியை விலக்கிக்கொண்டு அது போவது கேட்டது. கீழ்ப்பக்கம். தேயிலை இருக்கிற பக்கம். நன்றாகவே கேட்டது. போகட்டும், போய்த் தொலையட்டும் என்று இருந்தது.

வயர்லெஸ்ஸில் சொன்னோம். கீழே தகரம் தட்டினார்கள்.

கெஸ்ட் ஹவுஸுக்கு வந்ததும் பவளக்கொடி ரசம் வைத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்று கேலி பேசவில்லை. "இன்னிக்கும் வரலீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்பாடா" என்றாள்.

ஜனவரி 10

பவளக்கொடியை அடித்துவிட்டது. எட்டாம் நம்பர்த் தோட்டத்தில், காலையில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது. கும்பலில் கடைசி வரிசை. தகரத்தைத் தட்டியதும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உயிர் இல்லை.

ஜனவரி 11

உடம்பைப் பார்த்து, அதே புலிதானா என்று சொல்லச் சொன்னார்கள். அதே புலிதான் என்று எழுதிக்கொடுத்தேன். அவள் கொழுந்துக் கூடையின் பட்டை இன்னும் தலையில் மாட்டியிருந்தது. நான்தான் அவிழ்த்தேன்.

லயத்து ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சுட்டுப் பிடிக்கிற குழு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகுமாம். அதுவரை நாங்கள்தான். டி.எஃப்.ஓ. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முடியலேன்னா சொல்லிடுங்க டாக்டர், தப்பா நினைக்கமாட்டேன்" என்றார். இத்தனை நாளாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். முடியும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேல் டிவிஷனில் இருக்கிற மாட்டை, நாங்கள் பரணில் இல்லாத நேரத்தில் வந்து, கொஞ்சம் தின்றிருக்கிறது. மறுபடியும் வரும்.

மத்தியானம் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சோப்பு போடாமல், சாம்பலைத் தேய்த்து, தோல் சிவக்கிற வரைக்கும். என் கம்பளி உடுப்புகளை இரண்டு தடவை அலசினேன், மூன்றாம் தடவையும் அலசினேன். வாசம் போகவில்லை. அவ்வளவு ஊற்றியிருக்கிறேன். எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஜீப்பில் போட்டுவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரு பருத்திச் சுடிதார், ஒரு சால்வை. இரண்டும் பெட்டிக்கு அடியில் கிடந்தவை.

சாயங்காலம் பரணுக்குக் கிளம்பும்போது போஜன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பளி மேடம்?"

"வேண்டாம்."

அவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றினார். கால்சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து ஜீப்பின் பானெட் மேல் வைத்தார். அதே தைலம். முக்கால்வாசி காலியாக இருந்தது.

"நீங்க ஒருநா மறந்துட்டு வந்துட்டா என்ன பண்றதுன்னு நான் ஒண்ணு வச்சிருந்தேன்" என்றார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம்."

பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்பினோம். அந்தியில் அது வரவில்லை.

ஜனவரி 12

இத்தனை நாளாகக் குளிர் குளிர் என்று புலம்பிக்கொண்டிருந்தேனே, அதெல்லாம் குளிரே இல்லை. இன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

ஃபாக்டரியில் இருந்து டீத்தூள் சாக்குகள் வாங்கி வந்தோம். உள்ளே காய்ந்த புல்லைத் திணித்து, இடுப்பு வரைக்கும் அதற்குள் இறங்கி உட்கார்ந்தோம். மேலுக்கு இன்னொரு சாக்கு, தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டது. வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன், பல் அடிக்கிற சத்தம் கேட்கக் கூடாது. மூச்சின் ஆவி தெரியாமல் இருக்க முகத்தைச் சாக்குக்குள் விட்டு மூச்சு விட்டேன். காஸ் குப்பி வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. நானும் போஜனும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தோம். அவர் நடுங்குவது எனக்குத் தெரிந்தது, நான் நடுங்குவது அவருக்குத் தெரிந்திருக்கும். மூங்கில் மேல் பனி வெள்ளையாகப் பூத்தது. சுண்டுவிரலை அசைத்தேன், அசைகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்றைக்கு அது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாயால் வேண்டிக்கொண்டேன். வயிறு வேறு என்னமோ வேண்டிக்கொண்டது.

வெளுத்து வரும்போது வந்தது. நேராக வந்தது. நிற்கவில்லை, தலையைத் தூக்கவில்லை, மேலே பார்க்கவில்லை. மாட்டின் பக்கத்தில் படுத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. எலும்பு நொறுங்குவது மரத்து மேல் கேட்டது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அப்படிக் காய்ந்து போயிருந்தது.

அந்த நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. துப்பாக்கியை எடுத்து மூங்கில் மேல் சாய்த்தேன், மூங்கிலும் சேர்ந்து நடுங்கியது. முதுகுக்குப் பின்னால் போஜன் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு நடுக்கத்துக்கும் அடுத்த நடுக்கத்துக்கும் இடையில் விரலை இழுத்தேன். விரல் இழுத்ததா என்றுகூடத் தெரியவில்லை. சத்தம் கேட்டது. அதன் தொடையில் ஊசியின் சிவப்புக் குஞ்சம் ஆடியது.

எழுந்து ஒரு உறுமல் உறுமியது. மரம் அதிர்ந்ததா நான் அதிர்ந்தேனா தெரியாது. நாலே பாய்ச்சலில் தேயிலைக்குள் போய் மறைந்துவிட்டது.

அப்புறம்தான் பெரிய பயம். மருந்து ஏற நேரம் ஆகும். ஏறியதா, பாதிதான் ஏறியதா, எங்கே படுத்திருக்கிறது, படுத்திருக்கிறதா? மூடுபனி வேறு இறங்கிவிட்டது. இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியவள் டாக்டர். வயர்லெஸ்ஸில் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டு, ஏணியில் இறங்கினேன். மரத்துப்போன கால் நிற்கவில்லை, போஜன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இடுப்பளவு தேயிலைச் செடி. ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் அந்த முகம் இருப்பதாகத் தோன்றியது.

"மேடம், நான் முன்னாடி போறேன்" என்றார்.

"சேர்ந்தே போலாம்."

ஒரு வாய்க்கால் ஓரம் கிடந்தது. கல்லை எறிந்தோம், அசையவில்லை. நீளக் குச்சியால் வாலைத் தொட்டேன். காதைத் தொட்டேன். பிறகு கையால் தொட்டேன்.

மயக்கத்தில் இருக்கிற மிருகத்துக்கு உடம்புச் சூடு இறங்கிவிடும். பனியில் இப்படியே கிடந்தால் செத்துப்போகும். அந்தப் பயிற்சியில் சொன்னவற்றில் இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஜீப்பில் இருந்த என் மூட்டையை எடுத்துவரச் சொன்னேன். என் ஸ்வெட்டர், வீட்டுக்காரர் ஸ்வெட்டர், கம்பளி, எல்லாவற்றையும் அதன் மேல் போர்த்தினேன். தைல நெடி குபீரென்று வந்தது. கண்ணைத் துணியால் கட்டி, மூச்சை எண்ணுவதற்காக விலாவில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவ்வளவு சூடு. என்னையும் அறியாமல் இன்னொரு கையையும் அதன் முன்னங்காலுக்கு அடியில், ரோமத்துக்குள், நுழைத்துக்கொண்டேன். பவளக்கொடியைக் கொன்ற மிருகம். அதன் அக்குளில் கையை வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். விரலில் உயிர் வந்து வலிக்க ஆரம்பித்தது, எடுக்க மனசு வரவில்லை. கூண்டு வண்டி வரும்வரைக்கும் அப்படியேதான் இருந்தேன். டி.எஃப்.ஓ. போட்டோ எடுத்தார்.

ஜனவரி 13

காய்ச்சல். நாள் பூராவும் படுக்கை. வெந்நீர் கேட்கலாம் என்று பவளக்கொடியைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 14

புலியைக் கீழே மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நன்றாக இருக்கிறதாம். மேனேஜர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். இரண்டு பத்திரிகைக்காரர்கள் வந்து, அவ்வளவு குளிரை எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டார்கள். பழகிவிட்டது என்றேன்.

அவர்கள் போன பிறகு சன்னாசி வந்தார். தலையை மழித்திருந்தார், வெறும் தலையில் துண்டு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றார். போஜன் என் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"புடிச்சுக் குடுத்துட்டீங்க டாக்டரம்மா. நல்லா இருக்கணும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார். "அத்தன நாளு மரத்து மேல கெடந்தீங்களே. அது ஒருக்காகூட பக்கத்துல வரலீங்களா?"

போஜன் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"வந்துச்சு" என்றேன். "கிட்டக்க வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு."

"ஏனுங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "தெரியலைங்க" என்றேன்.

தலையசைத்தார். "எப்படியோங்க, ஒங்கள ஒண்ணும் பண்ணாமப் போச்சே, அது போதும். அவளும் தெனம் வெளக்கேத்தி அதத்தான் வேண்டிக்கிட்டா. அந்தப் புள்ள மரத்துல ஒத்தையா கெடக்குது, புலி அது பக்கம் வராம இருக்கணும்னு."

கும்பிட்டுவிட்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனார்.